பிங்க் கலர் சூரியனும் பறக்கும் ரயிலும்

1985-இல் தாம்பரத்தில் பிங்க் கலர் நியான் விளக்கு எங்கேயாவது எரிந்ததா? அப்போது இங்கே குடியிருந்த பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். நான் விசாரித்த வரையில் டியூப் லைட்தான் எரிந்திருக்கிறது. அதுவும் வோல்டேஜ் இருந்தால். ஸ்டார்ட்டரைத் திருகித் திருகி, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எரிந்திருக்கிறது.

ஆனால் கல்லூரி விழா போஸ்டர், காபி ஷாப் சுவர், குறும்பட டைட்டில் என்று எங்கே பார்த்தாலும் எண்பதுகள் என்றால் இப்போது ஒரே ஒரு படம்தான். அடியில் ஊதா நிறத்தில் கட்டம் கட்டமாக ஒரு தரை. நடுவில் வரிவரியாக வெட்டிய பிங்க் சூரியன். இரண்டு பக்கமும் கலிஃபோர்னியா பனைமரம் (நுங்கு காய்க்காது, அது வேறு சாதி மரம்). ஓரத்தில் ஒரு கேசட். உச்சியில் ஜப்பான் எழுத்து. அதன் பொருள் போஸ்டர் செய்தவருக்கே தெரியாது. இதற்கு ‘ரெட்ரோ ஃப்யூச்சர்’ என்று பெயர். அதாவது, நேற்றைய மனிதர்கள் கற்பனை செய்து வைத்திருந்த நாளை. சின்த்வேவ், வேப்பர்வேவ், கேசட் ஃப்யூச்சரிசம் என்று உட்பிரிவுகள் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரசிகர் மன்றம்.

என் வாதம் இதுதான். இந்தப் படம் நம்முடைய நேற்றும் இல்லை, நாம் கனவு கண்ட நாளையும் இல்லை. வேறு யாருடைய நினைவையோ இரவல் வாங்கி நம் சுவரில் ஒட்டுகிறோம். ஒட்டினால்கூடப் பரவாயில்லை. அடியில் ஏற்கனவே இருப்பதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒட்டுகிறோம். என் கோபமெல்லாம் அந்தக் கிழிப்பைப் பற்றித்தான்.

அந்தச் சூரியன் எங்கிருந்து வந்தது?

முதலில் அந்தக் கட்டம் போட்ட தரை. எழுபதுகளின் கடைசியில், எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பரப்பை முழுக்க வண்ணம் பூசிக் காட்டும் அளவுக்குக் கம்ப்யூட்டர்களுக்கு வேகமும் கிடையாது, நினைவகமும் கிடையாது. கோடு போட முடியும், அவ்வளவுதான். எனவே மலையானாலும் நகரமானாலும் கம்பிக்கூடு மாதிரி வரைந்தார்கள். 1982-இல் வந்த ‘ட்ரான்’ படம் அந்தக் கோட்டை ஒளிரவைத்து அழகாக்கியது. அதே வருடம் வந்தது ‘பிளேட் ரன்னர்’. சிட் மீட் என்ற வடிவமைப்பாளர் இரண்டு படங்களிலும் வேலை செய்தவர். பிளேட் ரன்னரின் லாஸ் ஏஞ்சலீஸில் எங்கு திரும்பினாலும் ஜப்பான் விளம்பரம் மின்னும். காரணம் இருக்கிறது. ஜப்பானின் கார்களும் டிவிகளும் வாக்மேன்களும் அமெரிக்கச் சந்தையை நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது. நாளைக்கு நம் ஊரே ஜப்பான்காரன் கைக்குப் போய்விடுமோ என்று அமெரிக்கனுக்கு ஒரு பயம், கூடவே ஒரு மயக்கம். பிறகு 2010-ஐ ஒட்டி இணையத்தில் வேப்பர்வேவ் கிளம்பியது. பழைய பாட்டையும் ஷாப்பிங் மால் இசையையும் வேகம் குறைத்து இழுத்து, அந்த நுகர்வுக் கனவைப் பாதி கிண்டலும் பாதி ஏக்கமுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆக, கட்டம் ஓர் இயந்திரத்தின் இல்லாமையில் பிறந்தது. ஜப்பான் எழுத்து ஒரு நாட்டின் பயத்தில் பிறந்தது. இரண்டுக்கும் ஊர் உண்டு, காரணம் உண்டு. நாம் ஊரையும் காரணத்தையும் விட்டுவிட்டு ஸ்டிக்கரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சரி, நமக்கு அப்படிப் பயம் எதுவும் இருந்ததா? இருந்தது. எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எதிர்கால இந்தியாவில் பெயரெல்லாம் இரண்டே எழுத்து: நிலா, சிபி, ரவி, ஜீவா. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். நாடு சர்வாதிகாரி ஜீவாவின் பிடியில். இதற்கு நடுவில் ஜீனோ என்று புத்தகம் படிக்கிற, வாதம் பண்ணுகிற ஓர் இயந்திர நாய். அமெரிக்கனுக்கு ஜப்பான் கம்பெனி பூதம் என்றால், எமர்ஜென்சியைப் பார்த்துவிட்டு வந்த நமக்கு அனுமதிச் சீட்டு பூதம். இதுவும் ரெட்ரோ ஃப்யூச்சர்தான், அசல் உள்ளூர்ச் சரக்கு. ஜீனோவை வைத்து ஒரு கல்லூரி விழா போஸ்டராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

கிண்டி முதல் தாம்பரம் வரை

அடுத்த வாதம் உடனே வரும்: “நாம அப்போ எங்கப்பா டெக்னாலஜி பண்ணோம்? எல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே?” பீச்சிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயிலில் தினம் போய்வந்துகொண்டே இப்படிக் கேட்பவர்களை என்ன செய்வது!

கிண்டியில் இறங்குங்கள். 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் அங்கேதான் இருந்தது. நாட்டின் தந்தி அலுவலகங்களில் தடதடத்த இயந்திரங்கள் அங்கே தயாரானவை. அதே பக்கத்தில் ஐ.ஐ.டி. தொண்ணூறுகளில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு அங்கே ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. வீடு வீடாகச் செம்புக் கம்பி இழுக்கிற செலவு நமக்குக் கட்டாது என்பதுதான் அவர்கள் கையில் எடுத்த பிரச்சினை. சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதிலேயே போனும் பேசலாம், கூடவே 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் பார்க்கலாம். செல்போன் அலை வந்து அதை மூழ்கடிப்பதற்குள் அது பல நாடுகளுக்குப் போய்வந்துவிட்டது.

அங்கிருந்து தரமணி. 2000 ஜூலையில் திறந்த டைடல் பார்க். டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டியதால் அந்தப் பெயர். நீலக் கண்ணாடி போட்ட ஒரு கட்டடத்தைப் பார்ப்பதற்காகவே அப்பா அம்மாக்கள் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப்போன காலம் இருந்திருக்கிறது. ரயில் பாதைக்கே திரும்பி வந்தால் தாம்பரம் சானடோரியம். 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம், நம் வாயில் ‘மெப்ஸ்’. ஷிஃப்ட் விடும் நேரத்தில் அந்த வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எதிர்காலம் என்று எதை உலகம் வாங்கிக்கொண்டிருந்ததோ, அதைச் செய்து முடித்த கைகள் டிபன் பாக்ஸோடு ரயிலுக்கு ஓடும்.

மேற்கே இன்னும் கொஞ்சம் போனால் ஸ்ரீபெரும்புதூர். இப்போது இன்ஸ்டாகிராமில் ‘ஒய் டூ கே அழகியல்’ என்று பழைய பட்டன் நோக்கியாவைக் கையில் வைத்துக்கொண்டு படம் போடுகிறார்கள். அந்த நோக்கியாக்கள் 2006 முதல் 2014 வரை அங்கே லட்ச லட்சமாகத் தயாராயின. வரிசையில் நின்று பூட்டியவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள், அவர்களில் பலருக்கு அது முதல் சம்பளம். 2014 நவம்பரில் தொழிற்சாலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். போனின் பட்டன் சத்தம்வரை ஏங்கி ஏங்கி ரசிக்கிற அழகியலில், அந்தப் போனைப் பூட்டிய பெண்ணுக்கு ஒரு ஓரம்கூட இல்லை. அவளுக்கு ஏதாவது ஃபில்டர் இருக்கிறதா?

பெயரே ‘பறக்கும் ரயில்’!

நம் ஊரில் ரெட்ரோ ஃப்யூச்சரை உருவமாகப் பார்க்க வேண்டுமானால் வேளச்சேரி ரயில் நிலையத்துக்குப் போங்கள். எம்.ஆர்.டி.எஸ். என்று அரசாங்கம் வைத்த பெயரை மக்கள் சீண்டவேயில்லை. ‘பறக்கும் ரயில்’ என்றார்கள். எந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளருக்கும் பொறாமை வரவழைக்கும் பெயர். எண்பதுகளில் அனுமதி வாங்கி, 1997-இல் மயிலாப்பூர் வரை, 2004-இல் திருவான்மியூர் வரை, 2007-இல் வேளச்சேரி வரை என்று நத்தை வேகத்தில் வந்து சேர்ந்த எதிர்காலம் அது. வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் நடுவில் பாக்கியிருந்த ஐந்து கிலோமீட்டரை 2008-இல் தொடங்கி, பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தார்கள். தாம்பரத்துக்காரனுக்கு அந்த எதிர்காலம் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டவில்லை.

அந்த நிலையங்களைக் கவனித்திருக்கிறீர்களா? கோட்டை மாதிரி கான்கிரீட். கடைகளும் அலுவலகங்களும் வந்து நிரம்பிவிடும் என்று நம்பி மாடி மாடியாகக் கட்டி, நிரம்பாமல் கிடந்த கூடங்கள். பிளேட் ரன்னருக்கு செட் போட்டார்கள். நமக்கு செட்டே தேவையில்லை. ரொமான்டிக்காகச் சொல்லவில்லை. தூண்களை பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே இறக்கி, இருந்த நீர்வழியையும் கெடுத்தார்கள். இரவில் அந்தப் படிகளில் தனியாக ஏறிப்போகப் பெண்கள் பயந்தார்கள். நம் எதிர்காலம் இப்படித்தான் இருந்தது: பெரிய ஆசை, அரைகுறைப் பணம், பாதியில் நின்ற பாலம். பிங்க் சூரியனில் இந்தக் கதை எதுவும் கிடையாது. அதில் கட்டத்துக்கு முடிவே இல்லை, தரை தொடுவானம் வரை வழுவழுவென்று போகிறது. நிலம் கையகப்படுத்தாமல் அப்படி ஒரு தரை எங்கே கிடைக்கும்?

டிவிக்குள் ஒரு தொட்டிச்செடி

கிழக்குத் தாம்பரம் பக்கம் புதிதாக ஒரு காபி ஷாப். உள்ளே பழைய டயனோரா டிவி ஒன்று, மர ஷட்டர் போட்ட மாடல். சென்னையிலேயே தயாரான செட். ஷட்டரைத் தள்ளிப் பார்த்தால் பிக்சர் டியூப் இல்லை. உள்ளே ஒரு தொட்டிச்செடி, மேலே பிங்க் எல்.இ.டி. பட்டை. “வாங்கும்போது ஓடிச்சாங்க?” என்று கேட்டேன். “படம் வந்துச்சு பாஸ். ஆனா செம வெயிட்டு. உள்ள இருந்ததையெல்லாம் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டோம்” என்றார் அந்த அண்ணன், ரொம்ப சாதாரணமாக.

சேலையூரில் எனக்குத் தெரிந்த டிவி மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “யார் கழட்டினது? டியூப்ல கரண்ட் நிக்குமே. ஆஃப் பண்ணினப்புறமும் அடிக்கும். தெரியாம கை வெச்சிருந்தா?” என்று அதைத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெட்டியைப் பற்றி உண்மையாகத் தெரிந்தவருக்கு முதலில் வரும் நினைப்பு, தொட்டவனுடைய கையைப் பற்றியது.

பிக்சர் டியூபின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக்காக அதை உடைத்து மிச்சத்தை எங்கேயோ கொட்டுவார்கள். தென்சென்னையில் ‘எங்கேயோ’ என்றால் என்ன அர்த்தம் என்று பெருங்குடிக் குப்பை மேட்டுக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் தெரியும். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைக் கொன்று, அதன் தோலை உரித்து மாட்டி வைத்துவிட்டு, “பழைய டெக்னாலஜிக்கு மரியாதை” என்று சுவரில் எழுதுகிறோம். மான் தலையை மாட்டி வைத்த ஜமீன்தாரும் மான் மேல் பிரியம் என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்தக் காலத்து வடிவங்களில் உண்மையிலேயே நேசிக்க வேண்டியது என்ன? நியான் இல்லை. நம் வெயிலையும் தூசியையும் மின்வெட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு யோசித்த மூளை. 1984-இல் தொடங்கிய சி-டாட், ஏ.சி. இல்லாத அறையிலும் ஓடும்படி கிராமத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. அதன் தொடர்ச்சியாகப் பரவியது மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்: கண்ணாடிக் கதவு, சிவப்பு எண்களில் ஏறிக்கொண்டே போகும் மீட்டர், ராத்திரி ஏற ஏறக் கட்டணம் குறையும் என்பதால் வாசலில் நின்ற வரிசை. பூத் ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை. ஒரு தெருவே ஒரு போனைப் பங்கிட்டுக்கொண்டது. இன்னொன்று, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீங்களே அமுக்குவது: வாக்குப்பதிவு இயந்திரம். அதன் உருவாக்கத்தில் பெல் நிறுவனப் பொறியாளராக சுஜாதாவுக்குப் பங்கு உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையம் அதன் உருவத்தில் வேலை செய்தது. பேட்டரியில் ஓடும், படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து அமுக்கலாம், விளக்கு எரியும், ‘பீப்’ என்று கத்தும். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க அதில்தான் ஓட்டுப் போட்டது. எண்பதுகளின் எதிர்காலம் உயிரோடு ஓடுகிறது; ரசிக்க ஆளில்லை.

“தமிழ் போட்டா லுக் வராது மச்சி”

எங்கள் துறை விழா போஸ்டரில் ஜப்பான் எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் போடலாமே என்றேன். “தமிழ் போட்டா கட்சி போஸ்டர் மாதிரி ஆயிடும் மச்சி, லுக் வராது” என்று பதில் வந்தது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆங்கில எழுத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் அடைத்துவிடலாம். ‘ணை’யை அடைத்துப் பாருங்கள்! சுழியைப் போட்டால் கால் இடிக்கும், காலைப் போட்டால் சுழி அடைந்துபோகும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலும் ஓடும் எல்.இ.டி. பலகையிலும் தமிழை ஏற்றியவர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்த மல்லுக்கட்டில் பிறந்த கட்டம் போட்ட தமிழ்தான் நம்முடைய ‘ட்ரான்’ கோடு. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் அதிலிருந்து வந்தன. இன்னொரு பக்கம் திஸ்கி. பிறகு யூனிகோட் வந்தது, நல்லதுதான். ஆனால் அந்தப் பழைய கோப்புகளைத் திறந்தால் இப்போது பூச்சி பூச்சியாகத்தான் தெரிகிறது. ஒரு தலைமுறை தமிழில் தட்டிய முதல் கடிதங்களும் கதைகளும் சிறுபத்திரிகைகளும் எத்தனை ஃப்ளாப்பியில், எத்தனை சி.டி.யில் அடைந்து கிடக்கின்றனவோ. ஃப்ளாப்பியை கோஸ்டராக வைத்து டீ குடிக்கிறோம். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எதிர்பார்க்கும் கேள்விகள்

1. “சும்மா அலங்காரத்துக்கு இவ்வளவு டென்ஷனா?” அலங்காரம் மட்டும் என்றால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஓடுகிற செட் உடைகிறது, தமிழ் எழுத்து போஸ்டரிலிருந்து வெளியே போகிறது, உழைத்தவர்கள் படத்திலேயே இல்லை. இது அலங்காரத்தின் விலை.

2. “கலைக்கு ஏது நாடு?” இல்லைதான். நான் இரவலுக்கு எதிரி இல்லை. 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரை வைத்து இசையமைத்தார். கருவி வெளிநாடு, வந்த இசை அவருடையது. 2023-இல் வந்த ‘மார்க் ஆண்டனி’யைப் பாருங்கள். படம் பிடித்ததா என்பது வேறு விஷயம். ஹாலிவுட் காலத்தைக் கடக்க காரைக் கொடுத்தது. இவர்கள் 1975-க்கே கால் போடுகிற ஒரு டெலிபோனைக் கொடுத்தார்கள். அன்றைக்கு நமக்கு அதிசயம் காரா, டெலிபோனா? டெலிபோன்தான். இரவல் வாங்கினால் இப்படி நம் வீட்டு வாசல் வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும்.

3. “அந்தக் காலமே கஷ்ட காலம், அதில் ரசிக்க என்ன இருக்கு?” ஒப்புக்கொள்கிறேன். ஒரு போன் கனெக்‌ஷனுக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த வரிசை எனக்கும் வேண்டாம். ஆனால் கஷ்டத்தை வெட்டி எறிந்துவிட்டு நியானை மட்டும் மாட்டினால், அந்தக் கஷ்டத்துக்குள் யோசித்தவனின் மூளையும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடுகிறது.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போங்கள். பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர், டெலிபோன் எல்லாம் தார்ப்பாயில் கிடக்கும். வாங்கினால் உரிக்காதீர்கள், ஓடவையுங்கள். ஓடவைக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகக் கடையை மூடுகிறார்கள். அவர்கள் பேசுவதைச் செல்போனிலாவது பதிவு செய்யுங்கள். வீட்டில் பழைய ஃப்ளாப்பி, சி.டி. இருந்தால் உள்ளே இருக்கும் தமிழை யூனிகோடுக்கு மாற்றுங்கள். அடுத்த விழா போஸ்டரில் பறக்கும் ரயிலைப் போடுங்கள், எஸ்.டி.டி. பூத்தின் சிவப்பு எண்ணைப் போடுங்கள், புள்ளி புள்ளியாகத் தமிழை எழுதுங்கள். லுக் வருகிறதா இல்லையா என்று அப்புறம் சண்டை போடுவோம்.

அது எதுவும் முடியாவிட்டால், அந்தக் கலிஃபோர்னியா பனைமரத்தை மட்டுமாவது எடுத்துவிட்டு ஒரு நல்ல பனைமரத்தைப் போடுங்கள். நுங்காவது கிடைக்கும்.